வன்முறைப் பாட்டு கேட்கும் பிள்ளை: எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது

ஒரு பெற்றோரின் கேள்வி சுருக்கமாக இது: 16 வயதுப் பையன். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளியில் இரண்டு முறை கைகலப்பு, மதிப்பெண்ணும் சரிந்துவிட்டது. ராத்திரி வெகுநேரம்வரை காதில் ஹெட்ஃபோன். கேட்பதெல்லாம் சுடுவேன், குத்துவேன், சாவு, ரத்தம் என்று கத்தும் ராப்பும் மெட்டலும்தான். அந்தப் பாட்டுதான் இவனைக் கெடுக்கிறதா? பிடுங்கி வைத்துவிடலாமா?

பிடுங்க வேண்டாம். அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கவும் வேண்டாம். ஒழுங்காக இருந்த பிள்ளையைப் பாட்டு மட்டுமே வன்முறையாளனாக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஏற்கெனவே உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும் பிள்ளை அதே பாட்டை ஒரு குறிப்பிட்ட விதத்தில் கேட்டால் நிலைமை மோசமாகலாம். இதற்கு ஆதாரம் உண்டு. அந்த விதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. வரிகளில் எத்தனை கொலை விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, பாட்டு நின்ற அரைமணி நேரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பது பயன் தரும்.

இந்தச் சண்டை பழையது. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்று ராக் வரிகளைப் பற்றி விசாரணையே நடத்தியது. அரசியல்வாதிகளின் மனைவியர் சிலர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு ஒன்றின் அழுத்தம் அதற்குக் காரணம். ஃபிராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் ஆகிய மூன்று இசைக்கலைஞர்கள் அங்கே போய் எதிர்வாதம் செய்தார்கள். அதன் விளைவாக வந்ததுதான் ஆல்பங்களின் மேல் ஒட்டப்பட்ட 'பெற்றோர் கவனத்துக்கு' என்ற கறுப்பு வெள்ளை லேபிள். அந்த லேபிளைத் தேடிப்பிடித்து வாங்கிய பதின்வயதினர் ஏராளம் என்பது தனிக் கதை.

அதைவிடப் பாடம் சொல்லும் வழக்கு 1990-இல் நெவாடா மாநிலம் ரீனோவில் நடந்தது. 1985 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் உடனே இறந்தார், மற்றவர் பின்னாளில் இறந்தார். ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் பாட்டில் 'செய்' என்ற கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். கிட்டார் ஒலியும் பாடகர் மூச்சுவிடும் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்ததில் அப்படிக் காதில் விழுகிறது என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். விசாரணையில் வெளிவந்த மற்ற விஷயங்கள்தான் முக்கியம்: வீட்டில் அடி, போதை, படிப்பை விட்டது, வேலை நிலைக்காதது. இவையெல்லாம் பல ஆண்டுகளாக எல்லோர் கண்ணிலும் பட்டவைதான். பாட்டில் ஒளிந்திருந்ததாகச் சொன்ன ஒரு சொல்லைத் தேடி எல்லோரும் ஒலிநாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்.

1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இதே அவசரம். மேரிலின் மேன்சன் என்ற ராக் பாடகர் மேல் பழி விழுந்து, அவர் மீதமிருந்த கச்சேரிகளையே ரத்து செய்தார். சுட்ட இருவரும் அவருடைய ரசிகர்கள் அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும் முடிவுகள் இங்கே உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் எதை அளந்தது என்று பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடும்.

2003-இல் உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சனின் குழு 500-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து சோதனைகள் நடத்தியது. வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களிடம், அதே பாணியில் வன்முறை இல்லாத பாட்டைக் கேட்டவர்களைவிடப் பகைமை உணர்வும் ஆக்கிரமிப்பு எண்ணங்களும் கூடின. வேடிக்கையாக எழுதப்பட்ட வன்முறைப் பாட்டிலும் இது தெரிந்தது. இதை மட்டும் படித்துவிட்டுப் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே அளந்தது எண்ணத்தையும் உணர்வையும். யாரும் யாரையும் அடித்தார்களா என்று பார்க்கவில்லை. விளைவு குறுகிய நேரத்துக்கானது என்பதை ஆய்வாளர்களே சொன்னார்கள். இன்னொன்று, அந்த மாணவர்கள் கேட்டது ஆய்வாளர் கொடுத்த பாட்டை, அவர்களாகத் தேர்ந்தெடுத்த பாட்டை அல்ல.

2015-இல் ஆஸ்திரேலியாவில் லியா ஷார்மனும் ஜெனிவீவ் டிங்கிளும் இதற்கு மறுபக்கத்தைச் சோதித்தார்கள். 18 முதல் 34 வயதுவரை உள்ள 39 பேர், எல்லோரும் கடும் மெட்டல், பங்க் போன்றவற்றின் ரசிகர்கள். முதலில் அவர்களைக் கோபப்படுத்தினார்கள்: வேலை, பணம், உறவு ஆகியவற்றில் எரிச்சலூட்டிய சம்பவங்களை 16 நிமிடம் விவரிக்கச் சொன்னார்கள். பிறகு பாதிப் பேர் தங்கள் சொந்தப் பாட்டை 10 நிமிடம் கேட்டார்கள், மீதிப் பேர் 10 நிமிடம் சும்மா உட்கார்ந்தார்கள். பகைமை, எரிச்சல், மன அழுத்தம் எல்லாம் இரண்டு குழுவிலும் இறங்கின. பாட்டு கேட்டவர்களுக்கு இதயத் துடிப்பு உயர்ந்தபடியே நின்றது. ஆனால் மேலும் ஏறவில்லை, கூடவே உற்சாகமும் ஊக்கமும் அதிகரித்தன. தன் கோபத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கேட்கும் ரசிகருக்கு அது வடிகாலாகலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: இவர்கள் பெரும்பாலும் நலமாக இருந்த பெரியவர்கள். உங்கள் வீட்டுப் பையனுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

ரசிகர்களுக்கு வன்முறை மரத்துப்போய்விடும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்முறை வரிகள் கொண்ட டெத் மெட்டல் என்ற கடும் மெட்டல் வகையின் ரசிகர்கள் 32 பேருக்கும் ரசிகர் அல்லாத 48 பேருக்கும், ஒரு கண்ணுக்கு வன்முறைப் படமும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படமும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். பொதுவாக மூளை ஆபத்தான படத்தின் பக்கமே அதிகம் சாயும். ரசிகர்களின் மூளையும் அப்படியேதான் சாய்ந்தது. அவர்களுக்கு உணர்ச்சி மரத்துப்போனதாகத் தெரியவில்லை.

அப்படியானால் இந்தப் பாட்டு கேட்கும் பிள்ளைகளிடம் தொல்லைகள் அதிகம் தெரிவது ஏன்? அது உண்மைதான். நெதர்லாந்தில் 309 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. 12 வயதில் சத்தமான, பெரியவர்களுக்குப் பிடிக்காத இசையை விரும்பியவர்களே 16 வயதில் கடையில் சின்னத் திருட்டு, பொதுச் சொத்தை உடைப்பது போன்றவற்றில் அதிகம் சிக்கினார்கள். ஆனால் அதை எழுதியவர்கள் கைகாட்டியது வரிகளை அல்ல, சேர்க்கையை. ஒரே ரசனை உள்ளவர்கள் ஒன்றுகூடுகிறார்கள். கூடியபின் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 14 முதல் 18 வயதுவரை உள்ள 522 கறுப்பினப் பெண் பிள்ளைகளை 12 மாதம் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. ராப் வீடியோக்களை அதிகம் பார்த்தவர்கள் ஆசிரியரை அடித்திருக்க வாய்ப்பு 3 மடங்கு, கைதாகியிருக்க வாய்ப்பு 2.5 மடங்கு. இங்கேயும் அளந்தது காதில் விழுந்த பாட்டை அல்ல, கண்ணால் பார்த்த வீடியோவை. பகட்டும் பணமும் துப்பாக்கியும் ஒரே சட்டகத்தில் வரும் காட்சி வேறு வகை விஷயம். அப்போதுகூட வீடியோ நடத்தையைக் கெடுத்ததா, அப்படிப்பட்ட சூழலில் இருப்பவர்கள்தான் அதிகம் பார்த்தார்களா என்பதை அந்த எண்கள் மட்டும் தீர்த்துவைக்காது.

கனடாவின் மாண்ட்ரியலில் 275 மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஆய்வு, 2001-இல் வெளியானது, இதை ஓரளவு பிரித்துக் காட்டுகிறது. மெட்டல் விருப்பத்துக்கும் தற்கொலை அபாயத்துக்கும் முதல் பார்வையில் தொடர்பு தெரிந்தது. குடும்ப உறவு, அந்நியப்பட்ட உணர்வு, போதை போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு காணாமல் போனது. பெண் பிள்ளைகளில், உள்ளே இருப்பதைக் கொட்டித் தீர்க்க இசையைப் பயன்படுத்தியவர்களுக்கு அபாயம் குறைவாகவே இருந்தது. நான் இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வைத்தான் பெற்றோருக்குச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பிள்ளையின் காதில் ஓடும் பாட்டைவிட, அந்த வீட்டில் யாரோடு அவன் பேசுகிறான் என்பது அதிகம் சொல்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கறுப்பு உடையும் இருண்ட இசையுமாகத் திரியும் கோத் இளைஞர்கள் பற்றி 2006-இல் வந்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் எண்கள் பயமுறுத்தும். 1,258 பேரைப் பின்தொடர்ந்ததில், கோத் என்று தங்களை அழுத்தமாக அடையாளப்படுத்திக்கொண்டவர்களில் 53 சதவீதம் பேர் எப்போதாவது தங்களுக்குத் தாங்களே காயம் ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். சதவீதம் பெரிது, ஆனால் அந்த அடையாளம் கொண்டவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் சிலருக்குக் காயப்படுத்தும் பழக்கம் முதலில் வந்தது, கோத் பிறகு வந்தது. துன்பப்படும் பிள்ளை தன் துன்பத்தைப் பேசும் கூட்டத்தைத் தேடிப் போகிறது. அங்கே ஆறுதலும் கிடைக்கலாம், மோசமான பழக்கமும் தொற்றலாம். இரண்டும் நடக்கும்.

உங்கள் காதையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். கேரி ஃபிரைட் என்ற உளவியலாளர் 1990-களில் ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் வன்முறை வரிகளை எடுத்துக்கொண்டார். சிலருக்கு ராப் வரிகள் என்றும், சிலருக்கு கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் வரிகள் என்றும் சொல்லிக் கொடுத்தார். வரி ஒன்றே, ராப் என்று நினைத்தவர்கள்தான் அதை அதிக ஆபத்தானதாகவும் கட்டுப்படுத்த வேண்டியதாகவும் கண்டார்கள். 2016-இல் வேறொரு குழு இதைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான். இந்தச் சாய்வு நீதிமன்றம்வரை போனது. ஒருவர் எழுதிய ராப் வரிகளை அவருடைய குற்ற ஒப்புதல்போல ஜூரி முன் வாசித்ததால்தான் கலிஃபோர்னியா 2022-இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. நம் பழைய பாட்டுகளில் தலை உருளாத போர்க்களம் உண்டா? அதைக் கேட்டு யாரும் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போவதில்லை.

இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். ஆத்திரத்தைக் கத்தித் தீர்த்தால் தணிந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் 600 மாணவர்களைக் கோபமூட்டி மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியது. ஒரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாம் குழு சும்மா உட்கார்ந்திருந்தது. சீண்டியவரை நினைத்துக் குத்தியவர்களிடம்தான் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கோபத்தை வளர்த்தது குத்து அல்ல, குத்தும்போது மனத்தில் ஓடியது.

பாட்டிலும் இதேதான். ஒருவனை நினைத்து, அவன் செய்த அவமானத்தை நினைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அசைபோடும்போது பாட்டு அந்த அசைபோடலுக்குத் தாளம் போடுகிறது. மனச்சோர்வு உள்ள பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சோகப்பாட்டு கேட்டு, சோகத்தையே பேசிப் பேசிக் கலையும்போது முன்பைவிடக் கனத்துப்போகிறார்கள் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் இசை சிகிச்சையாளர்கள் 'என்ன கேட்கிறாய்' என்பதைவிட 'எதற்குக் கேட்கிறாய், கேட்டபின் என்ன ஆகிறது' என்று கேட்கிறார்கள். பதின்வயதினருக்காக 2015-இல் உருவாக்கப்பட்ட 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலே இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. இசை மனத்தை லேசாக்குகிறதா, ஆட்களோடு சேர்க்கிறதா என்பது ஒரு பக்கம். கேட்டபின் முன்பைவிட மோசமாக உணர்கிறாயா, மற்றவர்களிடமிருந்து ஒளிய அதைப் பயன்படுத்துகிறாயா, கெட்ட நினைவுகளில் சிக்கவைக்கிறதா என்பது மறுபக்கம். அந்தக் கேள்விகளில் இசை வகையின் பெயரே கிடையாது.

வீட்டில் செய்யக்கூடியது இது. இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள், பையனிடம் மறைத்துத் துப்பறியும் பாணியில் அல்ல, உங்கள் கண்ணில் படுவதை மட்டும். எந்த நேரத்தில் ஹெட்ஃபோன் ஏறுகிறது? பள்ளியிலிருந்து வந்தவுடனா, யாரோடாவது சண்டை போட்டபின்னா, நள்ளிரவிலா? எவ்வளவு நேரம்? ஒரே பாட்டு ஓடுகிறதா, மாறுகிறதா? முக்கியமான கடைசிக் கேள்வி: கழற்றிய பிறகு 30 நிமிடத்துக்குள் சாப்பிட வருகிறானா, தம்பியிடம் ஏதாவது பேசுகிறானா, அல்லது கதவு இன்னும் இறுகச் சாத்துகிறதா? கத்தும் பாட்டை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, வெளியே வந்து 'என்ன சாப்பாடு' என்று கேட்கும் பையனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. மெல்லிய காதல் பாட்டைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காரும் பெண்ணைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன்.

பழக்கத்தில் திடீர் மாற்றம் தனியாகக் குறிக்க வேண்டியது. மூன்று வருடமாக மெட்டல் கேட்பவன் மெட்டல் கேட்பது செய்தியே அல்ல. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் கடந்த மூன்று வாரமாக ஒரே ஆல்பத்தில், அதிலும் சாவைப் பற்றிய இரண்டே பாட்டில் நின்றுவிட்டால் அது செய்தி. பிடித்த இசையையே கேட்காமல் விட்டுவிடுவதும் அப்படித்தான். பெற்றோர் இதை முன்னேற்றம் என்று நினைத்து நிம்மதி அடைகிறார்கள். பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல் போவது மனச்சோர்வின் முதல் அடையாளங்களில் ஒன்று.

அடுத்து பேச்சு. பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். வழக்கமான தவறுகள் மூன்று. பாட்டைக் கேலி செய்வது: 'இதெல்லாம் பாட்டா, நாய் குரைக்கிற மாதிரி' என்ற ஒரே வாக்கியம் ஆறு மாதத்துக்குக் கதவை மூடிவிடும். வரியை அச்செடுத்துக் கொண்டுவந்து விசாரணை நடத்துவது இரண்டாவது. மூன்றாவது பறிமுதல். ஹெட்ஃபோனைப் பிடுங்கினால் பாட்டு நிற்காது, நண்பன் போனுக்குப் போகும். உங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒரே ஜன்னலும் அடைபடும். அதோடு, நள்ளிரவில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதலைத் தாண்ட அவன் வைத்திருந்த ஒரே வழி அந்தப் பாட்டாக இருந்தால், அதைப் பிடுங்கிய இரவு மிக மோசமான இரவாகிவிடும்.

மாறாக: முகத்துக்கு முகம் உட்காராமல், பக்கவாட்டில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், வண்டியில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ. 'உனக்குப் பிடிச்ச ஒரு பாட்டு போடு' என்று சொல்லி முழுவதும் கேளுங்கள், நாலு நிமிடம்தானே. இடையில் எதுவும் சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: 'இதில் எந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும்?' பெரும்பாலும் பதில் ஒரு டிரம் அடியாகவோ கிட்டார் திருப்பமாகவோ இருக்கும், நீங்கள் பயந்த வரியை அவன் கவனித்திருக்கவே மாட்டான். சில நேரம் பதில் ஒரு வரியாக இருக்கும். அப்போது 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'ஏன்' விசாரணையாகக் காதில் விழும். 'எப்போதெல்லாம் இந்த வரி நினைவுக்கு வரும்?' என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். அவன் வாயைத் திறக்கக் குறைந்தது மூன்று நான்கு வாரமாவது பிடிக்கும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். நடித்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அசைபோடல்தான் பிரச்சினை என்று தெரிந்தால், பாட்டின் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1948-இல் எழுதிய ஒரு கொள்கை இசை சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது: முதலில் மனநிலைக்கு ஒத்த இசையைக் கொடு, பிறகு படிப்படியாக நகர்த்து. கொதித்துக்கொண்டிருப்பவனிடம் புல்லாங்குழலைப் போட்டால் எரிச்சல்தான் கூடும். அவனே 7 அல்லது 8 பாட்டு கொண்ட பிளேலிஸ்ட் ஒன்றைச் செய்யட்டும், மொத்தம் 25 முதல் 30 நிமிடம். முதல் இரண்டும் அவனுடைய கோபத்தின் உச்சிக்குப் பொருந்துபவை. வன்முறை வரி இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மூன்று அதே பாணியில், வேகம் கொஞ்சம் குறைந்து, வரிகள் கொஞ்சம் திறந்தவை. கடைசி இரண்டு மூன்று அவனுக்கு உண்மையிலேயே தெம்பு தருபவை. தொடங்கும்முன் 0 முதல் 10 வரை கோபத்துக்கு ஓர் எண், முடிந்தபின் ஓர் எண். ஒரு வாரம் பார்த்தபின், எண்ணைக் கூட்டும் பாட்டை அவனே தூக்கிவிடுவான். எங்கே தவறும் என்றால், பெற்றோர் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். கடைசிப் பாட்டு பக்திப் பாட்டாக மாறிய நிமிடமே அந்தப் பிளேலிஸ்ட் செத்துவிடும்.

கருவியும் ஒரு பங்கு வகிக்கிறது. ஒரு சோர்ந்த இரவில் கேட்டதை வைத்தே செயலி அடுத்தடுத்துப் பரிந்துரைக்கும். இரண்டு வாரத்தில் முகப்புப் பக்கம் முழுக்க அதுவாகவே இருக்கும். அடுத்த பாட்டு தானாக ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்துவது, கேட்ட வரலாற்றை அவ்வப்போது அழிப்பது, கோபப் பாட்டுக்கும் மற்றதுக்கும் தனித்தனி பிளேலிஸ்ட் வைப்பது, தூக்கத்துக்கு முன் 30 நிமிட டைமர் போடுவது, இந்த நான்கையும் அவனோடு சேர்ந்து செய்யுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று வாரமாக ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கும் பையனின் எரிச்சலுக்குப் பாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஒலி அளவை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் காதும் பிழைக்கும்.

ஒரு வகை இசையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன். கொலையைக் கற்பனையாகப் பாடுவது ஒன்று. உயிரோடு இருக்கும் ஒருவனைப் பெயர் சொல்லி, செத்துப்போன அவன் நண்பனைக் கேலி செய்து பாடுவது வேறு. சிகாகோவில் தொடங்கி லண்டனில் வேரூன்றிய, ராப்பின் ஒரு வகையான டிரில் இசையின் ஒரு பகுதி இரண்டாவது வகை. எல்லா டிரிலும் அப்படி இல்லை என்றாலும், அந்த இரண்டாவது வகையில் பாட்டு கும்பல்களுக்கு இடையிலான சண்டையின் ஒரு நகர்வாகவே ஆகிவிடுகிறது: வீடியோ வரும், எதிர்த்தரப்பு பதில் வீடியோ போடும், பார்வை எண்ணிக்கை ஏறும், பின்வாங்கினால் மானம் போய்விடும். அதை வெறுமனே கேட்கும் பிள்ளைக்கும் அதில் பாடும், வீடியோவில் பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் பிள்ளை எழுதும் வரியில் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் பெயர், அவன் வரும் வழி, ஒரு தேதி என்று வந்தால் அதைப் பாட்டாகப் பார்க்காதீர்கள், மிரட்டலாகப் பாருங்கள்.

பெயரும் இடமும் இல்லாமல், கோபத்தையும் வலியையும் எழுதும் நோட்டு வேறு. அதைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டுப் பள்ளிக்கோ காவல்துறைக்கோ ஓடுவது நம்பிக்கையைக் குழிதோண்டிப் புதைக்கும். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் சிகிச்சையாளருக்குப் பிடிமானம் அதிகம். எட்கர் டைசன் என்ற சமூகப் பணியாளர் 2002-இல் ஹிப்ஹாப் சிகிச்சை என்ற பெயரிலேயே பதின்வயதினரோடு ராப் வரிகளை வைத்து வேலை செய்து எழுதினார். இன்று பல இடங்களில் அந்த முறை நடக்கிறது.

உடனே செயல்பட வேண்டிய நிலைகள் இவை. சாக விரும்புவதாகச் சொல்வது, அதற்கு வழி, இடம், நேரம் யோசித்திருப்பது, பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, நீண்ட கொந்தளிப்புக்குப் பிறகு காரணமில்லாத திடீர் அமைதி, கைகளில் புதுக் காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் காயப்படுத்தத் திட்டம், ஆயுதம் தேடுவது. இதில் எதையாவது கண்டால் பாட்டைப் பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கூர்மையானவை, துப்பாக்கி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். 'செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை: அமெரிக்காவில் 2,342 பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மனக்கலக்கம் கூடவில்லை, மனச்சோர்வோ முன்பு தற்கொலை முயற்சியோ இருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தே இருந்தது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை அல்லது உங்கள் பகுதி அவசர உதவி எண்.

இந்த அவசர நிலை எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரக் குறிப்பில் இருட்டுதான் தெரிகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போகலாம். போகும்போது 'மோசமான பாட்டு கேட்கிறான்' என்று தொடங்காதீர்கள். பையன் அங்கேயே மூடிக்கொள்வான், ஆலோசகரும் தவறான முனையிலிருந்து தொடங்குவார். தூக்கம் எத்தனை மணி, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, கைகலப்பு எப்போது, யாரோடு, பசி, சண்டை தொடங்கிய மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதிக் கொண்டுபோங்கள். பாட்டை அவனே கொண்டுபோகட்டும். முதல் சந்திப்பில் என்ன பேசுவது என்று தெரியாத பையனுக்கு, போனைத் திறந்து 'இதைக் கேளுங்க' என்று சொல்வது வாயைத் திறப்பதைவிட எளிது.